கப்பல் பாட்டில் நான் வெட்டிய அடிகள்

பால் பாக்கெட்டில் வர ஆரம்பித்த பிறகு பிறந்தவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. காலையில் பித்தளைச் செம்போடு வாசலில் நின்ற நம் வயதுக்காரர்களுக்குத்தான் சொல்கிறேன். உங்களில் சிலர் என்னைப் பரிசு வாங்கிய பெண்ணாகவே நினைவு வைத்திருப்பீர்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில்கூட ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே கிரேக்கக் கதைக்குப் பிரைஸ் வாங்கினவங்க?" என்று கேட்டாள். ஆமாம், நான்தான். ஐஸ்கிரீம் உருகும்வரை அவள் என்னைப் புகழ்ந்தாள். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பரிசு எப்படி வந்தது என்று நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. கப்பலேறி வந்த தமிழர்கள் குடியேறிய பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்கள் வீடு. துணி காயப்போட்டால் இன்ஜின் கரி படியும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிற வீட்டில் அது பெரிய தலைவலி. எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒரு சாக்கடை, அதற்கு அப்பால் தண்டவாள வேலைக்காரர்கள் குடியிருந்த லயம். சாக்கடையின் மேல் ஒரு பலகை கிடந்தது. நான் அந்தப் பலகையைத் தாண்டினால் அப்பாவுக்குப் பிடிக்காது. அவர்கள் இந்தப் பக்கம் வருவதைத் தடுக்க முடியாது, பால் அந்த வழியாகத்தான் வந்தது.

பால் கொண்டுவந்தவரை நாங்கள் பால்கார அக்கா என்போம். ஆற்றோரம் நான்கு மாடு வைத்திருந்தார். அவர் வருவதற்கு முன் சாண வாசனையும் பச்சைப்புல் வாசனையும் கலந்து வந்துவிடும். கிழக்குக் கரைப் பக்கம் காட்டை வெட்டி ரயில் பாதை போட்ட காலத்தில் அவர் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். அங்கேயே புதைத்தார்கள். எந்த இடம் என்று கேட்டால் திரும்பி வந்தவர்கள் ஆளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். கணவரின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. பிள்ளையும் இல்லை.

அந்தக் காலத்தில் மனைவி கணவன் பெயரை வாயால் சொல்லமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டால் அம்மா என் முதுகில் ஒரு தள்ளு தள்ளுவாள். நான் சொல்வேன். எங்கள் வீட்டில் அப்பாவின் பெயர் என் வாயில்தான் இருந்தது. பால்கார அக்காவுக்குத் தள்ளிவிட ஒரு பிள்ளை இல்லை. அதனால் ஒருமுறை மாட்டு லைசென்சு எடுக்க டவுனுக்குப் போகும்போது அம்மாவிடம் என்னை இரவல் கேட்டார்.

"கிராணியம்மா, பாப்பாவ ஒரு மணி நேரம் அனுப்புங்க. அங்க அவங்க பேரக் கேப்பாங்க."

"அவளுக்கு உங்க வீட்டுக்காரர் பேரு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

பால்கார அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "பாட்டுல வருவாங்களே. மூணாங் கப்பல்ல. மழைக்கு முந்திக் கூரை வேய்ஞ்சவங்கன்னு வரும்ல, அவங்கதான்."

எனக்குத் தெரிந்துவிட்டது. லைசென்சு ஆபீசில் கிராணி கேட்டபோது நான் அந்தப் பெயரைக் கணீரென்று சொன்னேன். திரும்பிப் பார்த்தால் பால்கார அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "இன்னொரு வாட்டி சொல்லு பாப்பா, அந்தாளு சரியா எழுதினானான்னு தெரியல" என்றார். அவன் சரியாகத்தான் எழுதியிருந்தான். நான் இன்னொரு முறை சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய டம்ளரில் கருப்பட்டி போட்டுப் பால் கொடுத்தார்.

பாட்டு என்றது கப்பல் பாட்டை. லயத்தில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் பாடுவார்கள். அன்று மட்டும் நானும் பலகையைத் தாண்டலாம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியது, கடலில் வாந்தி எடுத்தது, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியது, காடு வெட்டியது என்று போகும். நடுவில் ஒவ்வொரு கப்பலிலும் யார் யார் வந்தார்கள் என்று பெயர் சொல்லிப் பாடும் இடம் வரும். மொத்தம் ஐந்து கப்பல். எல்லாம் செத்துப்போனவர்களின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சிறப்பு. ஒருவன் தனி ஆளாய்த் தண்டவாளம் தூக்கினவன், ஒருத்தி கடலைப் பார்த்துக் கண் மூடாதவள். ரப்பர் தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டு என்று ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள் அல்லவா, அதே மாதிரிதான். பெயர் வந்ததும் அவருடைய உறவுக்காரர் எழுந்து ஒரு வெற்றிலையைத் தட்டில் வைத்து, "இருக்கோம்!" என்று குரல் கொடுப்பார். செத்தவருக்குப் பதிலாக.

பாடுகிறவர் தண்டவாளத்துக்குக் கல் போடுகிற ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கைகளெல்லாம் காய்ப்பு. பாட்டுக்கார அத்தை என்று கூப்பிடுவோம். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். எங்கள் மிஸ் இங்கிலாந்திலிருந்து வந்தவர். வெயிலில் மூக்கு எப்போதும் சிவந்திருக்கும். நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. அந்த வருடம் எங்களுக்குப் பழைய கிரேக்கக் காவியம் ஒன்றைப் பாடமாக வைத்தார். பெரிய காவியத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்கிய நீல அட்டைப் புத்தகம். கடல் தாண்டிப் போய் ஒரு நகரத்தை முற்றுகை போட்டு வருடக்கணக்கில் சண்டை போடும் கதை. கரி படிந்த குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டு நான் அதைப் பைத்தியமாய்ப் படித்தேன். ஓர் இடத்தில் அடிக்குறிப்பு இருந்தது. இங்கே எந்தெந்தக் கப்பலில் யார் யார் வந்தார்கள் என்ற நீண்ட பட்டியல் மூலத்தில் உண்டு, மாணவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்பதால் விட்டிருக்கிறோம் என்று அர்த்தம் வரும்படி.

அந்த அடிக்குறிப்பை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பரிசுக் கட்டுரைக்கு மிஸ் கொடுத்த தலைப்பு, "கிளாசிக் என்பது எது?" கட்டுரையோடு உங்கள் ஊர்ப் பாட்டு ஏதாவது தெரிந்தால் எழுதி வாருங்கள், கிளாசிக்காகுமா என்று பார்ப்போம் என்றார். முதல் பரிசு வாங்குகிறவளுக்கு அடுத்த வகுப்புக்குப் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. அப்பா ஏற்கெனவே, "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும்" என்று முனக ஆரம்பித்திருந்தார். எனக்கு அந்தப் பரிசு வேண்டியிருந்தது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, அன்று என் புத்தி எங்கே இருந்தது என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

பலகையைத் தாண்டிப் போய்ப் பாட்டுக்கார அத்தையின் முன் உட்கார்ந்தேன். அப்பா ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய ரயில்வே ஃபாரங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். அவருக்கு உட்கார்ந்து பாடவே வரவில்லை.

"பாப்பா, கூட்டம் இல்லாம எப்படிப் பாடுறது? பாடுறப்ப என் கண்ணு கூட்டத்துல இருக்கும். எவ மூஞ்சிய நிமித்துறாளோ அவ ஆளு பேரு தானா வந்துரும்."

"சும்மா பாடுங்க அத்தை. நான் இருக்கேன்ல."

மூன்று ஞாயிற்றுக்கிழமை பாடினார். எல்லாப் பெயரும் வந்தது. ஒன்றுகூட விடாமல் நான் எழுதினேன். அந்தத் தாள்கள் மட்டும் இன்று இருந்தால்! நான் நோட்டில் நல்லபடியாகப் பார்த்து எழுதி முடித்ததும் அம்மா அவற்றை வைத்து அடுப்புப் பற்றவைத்தாள். நான்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

நல்லபடியாக என்றேன் அல்லவா? கப்பலுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டேன். மீதியை வெட்டிவிட்டு, "இன்னும் பலரும் ஏறிவந்தார்" என்று ஓர் அடியை நானே கட்டி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒட்டினேன். எந்த இரண்டு பெயர்? கேட்க நன்றாக இருந்த இரண்டு. மூன்றாம் கப்பலில் கூரை வேய்ந்தவர் ஏழாவதாக வந்தார். கோடு போட்டு அடிக்கும்போது அது யார் என்று எனக்குத் தெரியும். லைசென்சு ஆபீஸ் ஞாபகம் வந்தது. கருப்பட்டிப் பாலும் ஞாபகம் வந்தது. ஒருவரை விட்டால் எல்லாரையும் விட வேண்டும் என்று பெரிய நியாயவாதிபோல் நினைத்துக்கொண்டு அடித்தேன்.

அப்பா நோட்டைப் படித்துவிட்டு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்பத்தான் புஸ்தகம் மாதிரி இருக்கு" என்றார். மிஸ்ஸுக்கு நான் இங்கிலீஷில் அர்த்தம் சொன்னேன். அவர் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது, இதை நேரில் கேட்க வேண்டுமே என்றார். கோயில் கமிட்டியில் இருந்த அப்பா உடனே ஏற்பாடு செய்தார். இந்த ஆடிக்குத் துரைசாணி வருகிறார், பாட்டு நோட்டில் உள்ளபடி இருக்க வேண்டும்.

எழுத்து தெரியாத பாட்டுக்கார அத்தைக்கு நான் நோட்டைப் படித்துக் காட்டிப் புதுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். அவரிடம் இருந்து வாங்கியதையே வெட்டி அவருக்கே திருப்பிக் கொடுத்தேன்.

"இந்த எடத்துல ஒரு கூட்டம் பேரு வருமே பாப்பா?"

"அதெல்லாம் சொன்னதையே சொல்ற மாதிரி இருக்கு அத்தை. கிளாசிக்ல அப்படி வராது. வெள்ளக்காரங்க புஸ்தகத்துலயே எடுத்துட்டாங்க."

"அப்ப அவங்கள்லாம் எங்க போவாங்க?"

"இன்னும் பலரும்னு வருதுல்ல. அதுல எல்லாரும் வந்துட்டாங்க."

அவர் காய்த்துப்போன கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாதா?" என்றார். கிண்டல் இல்லை. நம்பித்தான் சொன்னார்.

ஆடி ஞாயிறு வந்தது. நல்ல வெயில். மரத்தடியில் மிஸ் நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அப்பா, நின்றுகொண்டே. கூழ் மணமும் வேப்பிலை மணமும். பாட்டுக்கார அத்தையின் காலடியில், மறந்தால் எடுத்துக் கொடுக்க, நான் நோட்டோடு இருந்தேன். எதிரே கூட்டம். முதல் வரிசையில் பால்கார அக்கா, வெளுத்த சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு வெற்றிலையோடு. அந்த வெற்றிலையை அவர் தொடையில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

முதல் கப்பலில் இரண்டு பெயர் முடிந்து "இன்னும் பலரும்" என்று வந்ததும் கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. ஒரு பெரிய மீசைக்காரர் எழுந்து, "எங்கப்பன் பேரு எங்க போச்சு?" என்று கத்தி, அப்பன் பெயரைத் தானே சொல்லி, "இருக்கோம்!" என்று தானே பதிலும் சொல்லி வெற்றிலையை வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் அப்படியே செய்தார்கள். மகன் அப்பன் பெயரைச் சொன்னான், தங்கை அண்ணன் பெயரைச் சொன்னாள். அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "தொரசாணி கேக்குறாங்கல்ல, சும்மா இருங்கப்பா!" என்று அதட்டினார். கூட்டம் அடங்கியது.

மூன்றாம் கப்பல் வந்தது. பால்கார அக்கா எழுந்து நின்றுவிட்டார். ஒரு பெயர். இரண்டாவது பெயர். பாட்டுக்கார அத்தை பால்கார அக்காவின் முகத்தைப் பார்த்தார். கண் கூட்டத்தில் இருக்கும் என்று சொன்னாரே, அப்படி. "மழைக்கு..." என்று வாய் எடுத்தே விட்டது.

நான் தலையை நிமிர்த்தி, மிஸ்ஸுக்குக் கேட்கும்படி, "இன்னும் பலரும்" என்று சத்தமாக எடுத்துக் கொடுத்தேன்.

பாட்டுக்கார அத்தை என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு "இன்னும் பலரும் ஏறிவந்தார்" என்று பாடி நான்காம் கப்பலுக்குப் போய்விட்டார்.

பால்கார அக்கா நின்றுகொண்டே இருந்தார். நான்காம் கப்பல் முடிந்தது, ஐந்தாம் கப்பல் முடிந்தது. பின்னால் இருந்தவர்கள், "ஒக்காருக்கா, மறைக்குது" என்றார்கள். பாட்டு முடிந்து மிஸ் கை தட்டும்போதும் வெற்றிலை அவர் கையில்தான் இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"பாப்பா, அவங்க பேரு வரலையே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இத்தனை வருடமாக என்னால் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருப்பது இதுதான். "யாரு பேருக்கா?" என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியாது என்று தெரிந்தே கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். "அவங்க... அதான் பாப்பா... ஆபீஸ்ல நீதானே சொன்னே..."

"ஓ, அவங்களா? அத்தை மறந்துட்டாங்க போல."

அவர் நேரே பாட்டுக்கார அத்தையிடம் போனார். நான் பத்தடி தள்ளி நோட்டை மார்பில் அணைத்துக்கொண்டு நின்றேன். "எல்லாரையும் விட்டே, அவங்கவங்க சொல்லிக்கிட்டாங்க. நான் எங்கடி போயி சொல்லுவேன்? எப்படி மறந்தே?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பாட்டுக்கார அத்தை என் பக்கம் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மறந்துதான் போச்சுக்கா. என்னமோ இன்னிக்கு மறந்துருச்சு" என்றார் அவர்.

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அடுத்த ஆடிக்குப் பாடியிருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் சில மாதத்தில் அவரையும் கூடக் கல் போடுகிற ஆட்களையும் வேலைக்காகக் கிள்ளானுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு லயத்தில் கப்பல் பாட்டு இல்லை.

எனக்கு முதல் பரிசு கிடைத்தது. சுருக்கமும் ஒழுங்கும் உள்ளதே கிளாசிக், காலம் வேண்டாததை உதிர்த்துவிடும் என்று எழுதியிருந்தேன். பதின்மூன்று வயதில் என்ன திமிர்! மிஸ் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

பால்கார அக்கா பால் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தினமும் காலையில் செம்பை நீட்டுவேன், ஊற்றுவார், "நல்லாப் படிக்கிறியா?" என்பார். ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் அந்தப் பெயர் என் நாக்கின் மேலேயே இருந்தது. ஒரு சொல். வாசலில் நின்று ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொன்னால், நான் வெட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டிவரும். பரிசு வாங்கின பெண் எப்படிச் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம் என்று செம்போடு உள்ளே போய்விடுவேன்.

ஆறாவது வருடம் அதே பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மேல்மாடி அலமாரியில் அந்தக் கிரேக்கக் காவியத்தின் முழு மொழிபெயர்ப்பு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுத்து, நீலப் புத்தகம் விட்ட இடத்தைத் தேடினேன். பக்கம் பக்கமாகப் போனது. எந்த ஊர், எத்தனை கப்பல், யார் தலைமை. பெரிய வீரர்கள் மட்டும் இல்லை. கதையில் அதற்கப்புறம் தலையே காட்டாத ஆட்கள், பெயர் மட்டும் மிஞ்சிய சின்னச் சின்ன ஊர்கள். படிக்கப் படிக்க எனக்குக் கூழ் மணமும் வேப்பிலை மணமும் வந்தது. அந்தக் காலத்தில் இதைக் கேட்க உட்கார்ந்த கூட்டத்தில், தன் ஊர்ப் பெயர் வரட்டும் என்று எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள்! இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் எவனும் ஒரு பெயரைக்கூட வெட்டத் துணியவில்லை. பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்று வெட்டினது அந்த நீலப் புத்தகம். அதைப் பார்த்து வெட்டினது நான். கிளாசிக் என்பது எது என்று யாராவது இப்போது கேட்டால், யாரோ ஒருத்தி கையில் வெற்றிலையோடு காத்திருக்கிற பாட்டு என்பேன். பரிசு கிடைக்காது.

அன்று மாலையே போயிருக்க வேண்டும். நான்கு நாளாகப் பால் வேறு ஒரு பையன்தான் கொண்டுவந்தான், அக்காவுக்குக் காய்ச்சல், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லியும் இருந்தான். சனிக்கிழமை எனக்குப் பயிற்சி வகுப்பு. ஞாயிறு போகலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். வழியெல்லாம் அந்த அடியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், சிறப்பையும் பெயரையும் சேர்த்து. வார்டில் அவர் கட்டிலில் புது விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேசையருகே இருந்த டிரெசர், கட்டுப் போடுகிற ஆஸ்பத்திரி ஆள், ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நம்மவர்தான். "விடியக்காலம் போயிட்டாங்கம்மா. நீங்க சொந்தமா? அட்டைல ஒரு எடம் காலியா இருக்கு. புருஷன் பேரு கேட்டோம், சொல்லவே மாட்டேன்னுட்டாங்க. யாராச்சும் வருவாங்க, அவங்க சொல்லுவாங்கன்னு வாசலையே பாத்துட்டு இருந்தாங்க."

நான் பெயரைச் சொன்னேன்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார் டிரெசர், பேனாவை மையில் தொட்டுக்கொண்டே. இன்னொரு முறை சொன்னேன். அவர் எழுதி, அட்டையை ஊதிக் காயவைத்தார். ஆரஞ்சுப் பழத்தைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். "இருக்கோம்" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.